வைக்கோல் லாரியும் டாக்டரின் தீப்பெட்டியும்

ஆஸ்பத்திரிக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். புதிதாகச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி போன மாதம் போன் செய்தாள். "மேடம், இப்பல்லாம் கட்டு நீலம், பச்சை, ரோஸ்னு கலர் கலரா வருது. வெயிட்டே இல்ல. உங்க காலத்து வெள்ளை மாவுக்கட்டைப் பத்தி எழுதித் தாங்களேன். ரெண்டு பக்கம் போதும்" என்றாள். எனக்கு வணக்கம் சொல்லி முடிக்கவே இரண்டு பக்கம் ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டேன். அனுபவிக்கட்டும்.

நான் சைதாப்பேட்டைக்காரி. பெயர் குணவதி. பத்தாவது முடித்ததும் மயிலாப்பூர் ஓரத்தில் இருந்த இந்த எலும்பு ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தேன். ஒரு நாள் கட்டு அறையில் ஆள் வரவில்லை என்று உள்ளே தள்ளினார்கள். அப்புறம் இருபத்தாறு வருஷம் வெளியே வரவில்லை. முதல் ஆறு மாதம் வாளித் தண்ணீர் மாற்றியதுதான் என் படிப்பு. ஏழாவது மாதம் ஒரு தபால்காரரின் கைக்குக் கட்டுப் போட்டேன். அது காய்ந்த பிறகு பார்த்தால் கை மாதிரி இல்லை, மரவள்ளிக் கிழங்கு மாதிரி இருந்தது. அவர் நல்ல மனிதர். "லெட்டர் பிரிக்க விரல் வெளிய இருக்கு, போதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாவுக்கட்டுக்குப் பொறுமைதான் முதல் சாமான். எனக்கு இல்லாத ஒன்றும் அதுதான். மாவு தடவிய துணிச் சுருளைத் தண்ணீரில் போட்டால் குமிழ் குமிழாக வரும். குமிழ் நிற்கும் வரை கை வைக்கக் கூடாது. எடுத்ததும் இரண்டு முனையையும் பொத்திப் பிடித்து மெல்லப் பிழிய வேண்டும். அவசரப்பட்டு நடுவில் பிழிந்தால் மாவு வாளிக்குப் போய்விடும், வெறும் துணி கையில் நிற்கும். சுற்றும்போது ஈரக் கட்டை உள்ளங்கையால்தான் தாங்க வேண்டும். விரல் அழுந்தினால் அங்கே ஒரு பள்ளம் விழும், அது உள்ளே தோலைப் புண்ணாக்கும். இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பெரிய டாக்டர். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகராது.

பெரிய டாக்டர் மயிலாப்பூர் மாட வீதிக்காரர். ஒல்லி. குரல் உயராது. மூட்டை தூக்குகிறவர் வந்தாலும் நீதிபதி வந்தாலும் "வாங்கோ, உக்காருங்கோ" ஒன்றுதான். கட்டு அறை மேஜை டிராயரில் அவருடைய தீப்பெட்டி ஒன்று இருக்கும். அவர் சிகரெட் பிடிக்க மாட்டார். அந்தப் பெட்டியிலிருந்து அப்போதெல்லாம் ஒரு குச்சி கூட உரசப்பட்டது கிடையாது. பக்கவாட்டில் குச்சி உரசும் மருந்துப் பட்டை கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே இருக்க, மூலைகள் மட்டும் எத்தனையோ பேர் விரல் பட்டு மழுங்கிப் போயிருக்கும்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் லாரியிலிருந்து விழுந்தவர்கள் நிறைய. தி.நகர் மார்க்கெட்டுக்கும் மயிலாப்பூருக்கும் காய்கறி, கரும்பு, வாழைத்தார், தேங்காய் என்று வயலிலிருந்து நேராக வரும் லாரிகள். அவற்றின் மேலே நின்று லோடு ஏற்றி இறக்குகிறவர்கள் வழுக்குவார்கள், கயிறு அறுந்து மல்லாந்து விழுவார்கள், அவசரத்துக்குக் குதிப்பார்கள். எனக்குப் பண்டிகை பார்க்கக் காலண்டர் வேண்டாம். கரும்பு லாரி ஆட்கள் வந்தால் பொங்கல். பூசணிக்காய் லாரி ஆட்கள் வந்தால் ஆயுத பூஜை.

அப்படி ஒரு ஆயுத பூஜை சமயத்தில் ஒருவர் பூசணிக்காயோடேயே வந்தார். லாரி உச்சியிலிருந்து விழுந்திருக்கிறார். இடது கையை அசைக்க முடியவில்லை. வலது கையில் பெரிய பூசணிக்காய். வாங்கி வைக்கப் போனால் கொடுக்க மாட்டேன் என்கிறார். "காய் ஒடையல சிஸ்டர், பாருங்க, ஒரு கீறல் கூட இல்ல" என்று பெருமை வேறு.

டாக்டர் தீப்பெட்டியை மேஜையில் வைத்து ஒரு குச்சியை எடுத்துக் கொடுத்தார்.

"இதுதான் உங்க லாரி. இந்தக் குச்சிதான் நீங்கோ. எங்க நின்னேள், எப்படி விழுந்தேள், சித்த காட்டுங்கோ."

அவர் குச்சியைப் பெட்டி மேல் நிறுத்தி, பக்கவாட்டில் சாய்த்து, தோள் பக்கமாகக் கீழே போட்டார். "காறை எலும்பு" என்றார் டாக்டர். எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. கையை ஊன்றியிருந்தால் மணிக்கட்டு போயிருக்கும். பூசணிக்காயைக் கட்டிப் பிடித்ததால் தோளில் விழுந்து காறை எலும்பு போயிற்று.

எனக்கு அதெல்லாம் அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு நாள் கேட்டே விட்டேன், "வாயால கேட்டா சொல்ல மாட்டாங்களா சார்?" என்று.

"வலிக்கற எடத்தை அவா சொல்லுவா குணா. அவாளுக்கே தெரியாத எடத்தைக் குச்சி சொல்லும்" என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். "ஒருத்தனுக்கு ரெண்டு குதிகாலும் வலிக்கறதுன்னா, ஒசரத்துலேந்து நேரா கால்ல வந்து எறங்கியிருக்கான்னு அர்த்தம். அடி குதிகாலோட நிக்காது, மேல ஏறும். முதுகைப் பாக்காம அனுப்பிடாதே." நான் தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள். காலையில் இருந்தே தூறல். பெரிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். வெளியே பெஞ்சில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு ஆட்கள் ஒருவரைத் தோளில் தாங்கிக் கொண்டு வந்தார்கள். ஐம்பது வயசு இருக்கும். முறுக்கு மீசை, தலை முழுக்க வைக்கோல் துணுக்கு. பெயர் கோதண்டம். செங்கல்பட்டுப் பக்கம் வயல்களில் வைக்கோல் ஏற்றி, மந்தைவெளி மாட்டுக் கொட்டகைகளில் இறக்குகிற லாரியின் மேஸ்திரி. இடது குதிகால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"எப்டிய்யா வுழுந்தே?"

"லாரி படில கால் வெச்சேன், வழுக்கிச்சு சிஸ்டரு. ஒண்ணும் இல்ல. ஒரு கட்டு போட்டு உட்டீன்னா போய்க்கினே இருப்பேன்."

டியூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். காலை எக்ஸ்ரே எடுத்தார், இடது குதிகாலில் முறிவு என்றார், வீக்கம் வடியும் வரை பின்பக்கம் மட்டும் தாங்கும் அரைக்கட்டுப் போடச் சொன்னார். எனக்குத் தீப்பெட்டி ஞாபகம் வந்தது. டிராயர் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பதினோரு பேர் காத்திருக்கிறார்கள், படியில் வழுக்கியவருக்கு எதற்குக் குச்சி விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

கட்டுப் போட்டு முடித்து, அக்குளில் கட்டைகளைக் கொடுத்து, வலது காலை ஊன்றி நடக்கச் சொன்னேன். அவர் வலது காலை நுனிவிரலில் ஊன்றினார்.

"நல்ல கால்தானே, குதிகாலை நல்லா ஊனுய்யா. இன்னா டான்ஸா ஆடறே?"

"கூச்சமா கீது சிஸ்டரு" என்று சிரித்தார். உட்காரும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். மூட்டை தூக்குகிறவருக்கு இடுப்பு வலி புதிதா என்று நினைத்தேன். ஆட்கள் அவரை ஆட்டோவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்தவருக்காகச் சுருளை வாளியில் போட்டேன். குமிழ் நிற்கும் வரை சும்மா நிற்க வேண்டுமே, அந்த நேரத்தில்தான் மண்டையில் ஏறியது. படியில் வழுக்குகிறவன் ஒரு காலில் விழுவான். இவருக்கு வலது குதிகாலையும் ஊன்ற முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். ரெண்டு குதிகால், முதுகு. நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்ட அதே பாடம்.

முதுகெலும்பு உடைந்த ஆளை ஆட்டோவில் உட்கார வைத்து அனுப்புகிறேன். அந்தக் காலத்து மயிலாப்பூர் ரோட்டுப் பள்ளங்களில் அந்த ஆட்டோ இரண்டு குதி குதித்தால், உடைந்த எலும்பு நகர்ந்து தண்டுவடத்தில் குத்தலாம். அப்புறம் அந்த மனிதருக்குக் கால் இரண்டும் இருக்கும், நடக்கத்தான் முடியாது.

ஓடினேன். கை முழங்கை வரை வெள்ளை மாவு. வரிசையில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். வாட்ச்மேன் திருட்டு என்று நினைத்து விசில் ஊதினார். வாசலில் ஆட்டோக்காரர் குனிந்து லீவரை இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. வண்டி இருமியது.

"வண்டிய நிறுத்துய்யா!"

"இன்னும் ஸ்டார்ட்டே ஆவலம்மா, எங்கேந்து நிறுத்தறது?" என்றார் அவர். அந்த ஆட்டோவை நல்ல நிலையில் வைத்துக்கொள்ளாத அந்தப் புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

"இன்னா சிஸ்டரு, கட்டு மேல இன்னொரு கட்டா?" என்றார் கோதண்டம்.

"அசையாதே. தும்மல் வந்தாகூட தும்மாதே."

பலகை கொண்டுவந்து, நாலு பேர் பிடித்து, முதுகு வளையாமல் அப்படியே சரித்துப் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோனோம். ஆட்கள் பயந்துபோனார்கள். நான் அவர்களைவிட அதிகமாகப் பயந்திருந்தேன். ஆனால் சத்தம் போட்டுக்கொண்டே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பெரிய டாக்டர் தியேட்டரிலிருந்து வந்தார். நான் சொன்னதைக் கேட்டார். டிராயரைத் திறந்து தீப்பெட்டியை எடுத்து, மல்லாந்து படுத்திருந்த கோதண்டத்தின் மார்பின் மேலேயே வைத்தார். குச்சியைக் கையில் கொடுத்தார்.

"காட்டுங்கோ."

கோதண்டம் குச்சியைப் பெட்டியின் அடியில் வைத்தார். "படில சாமி."

"சரி. இன்னொரு தடவை காட்டுங்கோ."

மறுபடியும் அடியில்.

"சரி. இன்னொரு தடவை."

டாக்டர் யாரையும் பொய் சொல்கிறாய் என்று சொன்னதே கிடையாது. இன்னொரு தடவை என்பார், அவ்வளவுதான். மூன்றாவது தடவை கோதண்டத்தின் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு குச்சி பெட்டிக்கு மேலே போய், அதற்கும் ஒரு விரல்கடை மேலே நின்று, அங்கிருந்து நேராக இறங்கியது.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வைக்கோல் லாரியில் ஒரு பழக்கம் உண்டாம். லோடு முழுக்க இறக்கிய பிறகு கடைசியாக மேலே நிற்கிறவர் பிடித்து இறங்க மாட்டார். கீழே குவித்த வைக்கோல் போர் மேல் குதிப்பார். கீழே குனிந்து பார்த்துவிட்டுக் குதித்தால் பயந்தாங்கொள்ளி என்று பெயர். கூட்டாளிகளைப் பார்த்துக்கொண்டே குதிக்க வேண்டும். அவர் குதித்து விசில் அடித்தால்தான் அன்றைக்கு வேலை முடிந்தது. கோதண்டம் இருபது வருஷமாகக் கடைசி ஆள். வண்டியின் இரும்புச் சட்டத்தின் மேல் ஏறி நின்று குதிப்பது அவருடைய தனி ஸ்டைல்.

"தூறல் வந்துச்சா சாமி, நனைஞ்சிடப் போவுதுன்னு அமிர்தம் போரை வாரி உள்ள போட்டுக்கினு கீது. நான் கீழ பாக்கல. குதிச்சிட்டேன். சிமிட்டித் தரை."

அமிர்தம் என்பது அந்தக் கொட்டகைக்காரம்மா.

"அதை ஏன் மறைச்சேள்?"

"அது புருஷன் இல்லாத பொம்பள சாமி. நாலு மாட்ட வெச்சிக்கினு பொழைக்குது. அதாலதான் நான் வுழுந்தேன்னு தெருவுல பேச்சு வந்தா தாங்காது."

வலது குதிகாலில் முறிவு இல்லை, அடி மட்டும். முதுகு எக்ஸ்ரேயில் ஒரு எலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவத்தில் இருந்தது. நல்ல வேளை, நரம்பைத் தொடவில்லை. கால் விரல் பத்தும் அசைந்தன. டாக்டர் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"தீப்பெட்டி எங்க இருந்தது குணா?"

"டிராயர்ல சார்."

"ம்" என்றார். இரண்டடி போனவர் திரும்பினார். "ஆனா ஓடினியே" என்றார்.

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது மனசுக்குள் சொல்லியிருப்பேன். அன்று மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை மூடியபடியே வீட்டுக்கு எடுத்துப் போனேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள் வரை, விரல் சுளுக்கு என்று வந்தவரைக்கூடக் குச்சி கொடுக்காமல் நான் விட்டதில்லை.

நாலாம் நாள் கோதண்டத்துக்கு மாவுச் சட்டை போட்டோம். அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இனி யாரும் போடப் போவதில்லை. இரண்டு மேஜை, ஒன்று உயரம், ஒன்று தாழ்வு. ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, கையும் நெஞ்சின் மேல்பக்கமும் உயர மேஜையில், தொடை தாழ்ந்த மேஜையில். நடுவில் வயிறு அந்தரத்தில் தொங்கும். முதுகு தானாகப் பின்னால் வளையும், நசுங்கிய எலும்பு விரியும். பனியன் துணி மாட்டி, பஞ்சு வைத்து, ஈரச் சுருளை நெஞ்சிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஒருவர் நனைக்க, ஒருவர் சுற்ற, இரண்டு பேர் உள்ளங்கையால் தடவ, யாரும் நிற்கக் கூடாது. மாவு இறுகும்போது சூடாகும். "இட்லிப் பானைல உட்ட மாதிரி கீது" என்று கீழேயிருந்து கோதண்டத்தின் குரல் வந்தது. காய்ந்த பிறகு வயிற்றுப் பக்கம் வட்டமாக ஒரு ஜன்னல் வெட்டினோம், சாப்பிட்டால் வயிறு விரிய இடம் வேண்டுமே. வார்டில் அவர் அந்த ஜன்னலில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்.

அமிர்தம் ஒரு சொம்புப் பாலோடு வந்தாள். வாட்டசாட்டமான பெண்மணி. கண்ணில் தண்ணீர், வாயில் வசவு.

"யோவ், உன்ன யாருய்யா என்னக் காப்பாத்தச் சொன்னது? தெருப்பேச்ச நான் பாத்துக்க மாட்டேனா? நாலு மாடு கிட்ட ஒதை வாங்கறவ, நாலு வார்த்தைக்கா பயப்படுவேன்? நீ படுத்துட்டா உன் ஊட்டாண்ட நான் இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு போவேன்?"

கோதண்டம் ஜன்னலில் தாளம் போடுவதை நிறுத்திவிட்டு விட்டத்தைப் பார்த்தார். அவருடைய மனைவி பக்கத்தில் நின்று, "நல்லா கேளு அமிர்தம், நான் கேட்டா காதுல வாங்கறதில்ல" என்று எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டதில் அவருக்கு எலும்பு சீக்கிரம் கூடியது என்பது என் அபிப்பிராயம்.

மூன்று மாதம் கழித்துச் சட்டையை அறுத்தேன். ஒரு வருஷம் போல ஆயிற்று அவர் லாரிக்குத் திரும்ப. மூட்டை தூக்கக் கூடாது, மேலே நின்று அடுக்குவதை மட்டும் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடைசியாகக் காட்ட வந்த அன்று தீப்பெட்டி மறுபடி மேஜைக்கு வந்தது.

"இனிமே எப்படி எறங்குவேள்? காட்டுங்கோ."

கோதண்டம் ஒரு குச்சியைப் பெட்டி மேல் நிறுத்தினார். இன்னொரு குச்சியை எடுத்துப் பெட்டியில் சாய்த்து வைத்தார். "இது ஏணி சாமி. சவுக்குல பண்ணி லாரிலயே கட்டி வெச்சிட்டோம்." தன் குச்சியை அதன் வழியே மெல்ல இறக்கினார்.

"தீப்பெட்டிலேந்து யார் வேணா எறங்கலாம்" என்றார் டாக்டர்.

"நம்பிக்க இல்லன்னா நேர்ல வந்து பாரு சாமி!"

டாக்டர் நிஜமாகவே வந்தார். வைக்கோல் லாரி வந்த ஒரு காலையில், வார்டு சுற்றி முடித்ததும் தீப்பெட்டியை டிராயரிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு மந்தைவெளிக்கு நடந்தார். சந்து முழுக்க வைக்கோல் வாசனை. லோடு முடிந்துவிட்டது. ஏணி லாரியின் பின்னால் கட்டியிருந்தது. கீழே போர் மெத்தென்று குவிந்திருந்தது. கோதண்டம் மட்டும் மேலே. ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவன் மெல்ல விசில் அடித்தான். இன்னொருவன், "மேஸ்திரி, போரு கீது!" என்றான்.

அவர் ஏணிப் பக்கம் போகவில்லை. கால் தானாக அந்த இரும்புச் சட்டத்துக்குப் போனது. ஏறி நின்றார். இருபது வருஷப் பழக்கம், கீழே இருந்தவர்களின் கண்கள், அவருடைய மீசை எல்லாம் சேர்ந்து அவரைத் தள்ளுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கூப்பிட்டால் தடுமாறுவாரோ என்று நான் கூப்பிடவில்லை. அந்த முதுகை ஒட்டவைக்க நாங்கள் பட்ட பாடு முழுக்க அந்தச் சட்டத்தின் மேல் நின்றது.

கொட்டகைக்குள்ளிருந்து அமிர்தம் வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய், அந்த வைக்கோல் போர் மேல் ஏறி, நட்டநடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப குதி, பாக்கலாம்" என்றாள்.

சந்து முழுக்கச் சிரித்தது. கோதண்டம் முதல்முறையாகக் கீழே குனிந்து பார்த்தார். பார்த்தவர் சட்டத்திலிருந்து இறங்கி, ஏணிக்கு வந்து, லாரியைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். தரையில் இரண்டு குதிகாலையும் நன்றாக ஊன்றி நின்று, விசில் அடித்தார். ஆட்கள் எல்லாரும் திருப்பி அடித்தார்கள்.

அதன் பிறகு அந்தச் சந்தில் அதுவே பழக்கமாகிவிட்டது. லோடு முடிந்தால் அமிர்தம் போர் மேல் போய் உட்காருவாள், கடைசி ஆள் ஏணியில் இறங்குவார். அந்த லாரியிலிருந்து என் கட்டு அறைக்கு அப்புறம் யாரும் வரவில்லை.

அன்று எங்களை டீ குடிக்காமல் போகக் கூடாது என்று அமிர்தம் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் கறந்த பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு இடுப்பைத் தடவினாள். "தீப்பெட்டி எங்க வெச்சேன்னு தெரியலையே" என்றாள். பெரிய டாக்டர் சட்டைப் பையில் கையை விட்டார். மூலை மழுங்கிய அந்தப் பெட்டியை எடுத்துத் திறந்து, ஒரு குச்சியைத் தானே உரசி, அடுப்பில் வைத்தார்.